அந்தியில் கூட்டை அடைப்பது யார்? வீட்டு விளைக்கு நாட்டுக்கோழியா, முட்டைக்கோழியா, வாத்தா, காடையா?

குமரி மாவட்டத்தில் எட்டோ பத்தோ சென்ட் விளைக்கு (வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்கு) நடுவே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கொஞ்சம் கோழி வளர்க்கலாம் என்று நினைக்கிறோம். நாட்டுக்கோழி வாங்குவதா, அதிகம் முட்டையிடும் கிராமப்பிரியா வாங்குவதா? வாத்து நல்லது என்கிறார்களே? இடம் போதாது என்றால் காடை வளர்க்கலாமா?" கேட்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, ஊரில் தனியே இருக்கும் பெற்றோர் உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. எல்லோரும் முதலில் விசாரிப்பது ஆண்டுக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைத்தான்.

அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் உங்கள் வீட்டில் தினமும் யார் இருப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எதை வளர்ப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

அந்தி. நம் ஊரில் கோழியைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். மரநாய் தென்னையிலிருந்து தென்னைக்கு ஓலை வழியாகவே வந்து இறங்கும். ரப்பர் தோட்டங்களை ஒட்டிய குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கங்களில் காட்டுப்பூனையும் வரும். பகலில் கீரி வரும். அதைக் கண்டு கோழி கத்தினால் நமக்குக் கேட்கும். இரவில் கூட்டின் கதவு திறந்து கிடந்தால் காலையில் இறகு மட்டுமே மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு உயிரினத்தையும் அந்தியில் அது என்ன செய்யும் என்பதை வைத்தே முதலில் எடைபோட வேண்டும்.

வேலி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கும் மேல் வாழ்கிறார்கள். உங்கள் கோழி கிளறுவது பக்கத்து வீட்டாரின் கீரைப் பாத்தியாகத்தான் இருக்கும். மதில் இருக்கிறதா, வெறும் கிளுவை வேலிதானா என்பது பெரிய வேறுபாடு.

ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. தரை ஈரமாகவே கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கூட்டின் கம்பி வலை துருப்பிடித்துப் போகும். உள்நாட்டில் இருப்பதைவிட அங்கே சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அடுத்த தலைமுறை. இருக்கும் கோழிகள் கிழடானதும் குஞ்சு எங்கிருந்து வரும்? தானே அடைகாத்துப் பொரிக்குமா, ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

தீவனச் செலவும் அளவுகோல்தான். ஆனால் அது எல்லோரும் நினைக்கும் அளவுக்கு முடிவை மாற்றுவதில்லை. ஏன் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

## நாட்டுக்கோழி

என் மனம் சாய்வது இதன் பக்கம்தான் என்பதை மறைக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் முட்டை அல்ல. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். முட்டையும் சிறியது, 40 கிராம் அளவில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு சில வாரம் சுற்றல், பிறகுதான் அடுத்த ஈடு. முட்டை குறைவதற்குக் காரணமே அது குஞ்சு வளர்ப்பதில் செலவிடும் காலம்தான். அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் "முட்டை போதாது" என்று ஒதுக்குவது நியாயமல்ல. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில், பல்பு வெளிச்சத்தின் சூட்டில் வளரும் குஞ்சுகள் விறைத்துச் சாகும். தாயின் சிறகுக்குள் இருப்பவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. பருந்தின் நிழல் தரையில் ஓடியதுமே தாய் கொடுக்கும் ஒரு குரலுக்குக் குஞ்சுகள் அத்தனையும் வாழைச் சருகுக்குள் மறைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

அந்தியில் நாட்டுக்கோழி என்ன செய்யும்? பழக்காவிட்டால் மரம் ஏறும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் மேய்ச்சலை விட்டு நிமிரும். சக்கை (பலா) மரத்தடியில் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் கிளையைப் பார்க்கும். ஒருமுறை குந்தும், எழும், மறுபடி குந்தும். பிறகு ஒரே தாவலில் மேலே போய்விடும். அதன்பின் அதை இறக்குவது பெரும்பாடு. மரக்கிளை மரநாய்க்குத் தடையே இல்லை. எனவே வாங்கிய முதல் வாரம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். அடுத்த வாரம் மாலை நான்கு மணிக்கு மேல் மட்டும் திறந்துவிடுங்கள். இருட்டும் முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கூட்டுக்குள் தூவிக் கூப்பிடுங்கள். இப்படிப் பழகிவிட்டால் பிறகு தாமாகவே வந்து அடையும். நீங்கள் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிட்டால் போதும். ஆனால் அந்தத் தாழ்ப்பாளைப் போட ஒருவர் தினமும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் வருமாறு. முதலாவது, கிளறல். நல்லமிளகுக் கொடி, வாழைக்கன்று இவற்றின் மேல்வேர்களைக் கிளறி வெளியே எடுத்துவிடும். செடியின் அடியைச் சுற்றிக் கல்லோ ஓலை மட்டையோ அடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, சேவல்கள். பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவலாகவே இருக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோயில் கொடை நாட்களில் நல்ல விலை கிடைக்கும். அதுவரை தீனி போட வேண்டும், சண்டையையும் விலக்க வேண்டும். மூன்றாவது, ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே வழி.

சந்தையில் வாங்குவதைவிட, தெரிந்த வீட்டிலிருந்து ஓர் அடைக்கோழியை முட்டையோடு வாங்குவதே நல்ல தொடக்கம் என்பேன். சந்தைக் கோழி பத்து ஊர்க் கோழிகளோடு நெருங்கி நின்று வந்தது. அதை வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

## கிராமப்பிரியா போன்ற முட்டைக்கோழிகள்

கிராமப்பிரியாவும் வனராஜாவும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கிய இனங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறாதீர்கள். முட்டைக்கு ஏற்றது கிராமப்பிரியா. வீட்டு வளர்ப்பில் நல்ல கவனிப்பு இருந்தால் ஆண்டுக்கு 180 முதல் 200 முட்டை எதிர்பார்க்கலாம், பழுப்பு நிற ஓடு. வனராஜா உடல் கனத்தது. இறைச்சிக்கு நல்லது, முட்டை நூறைச் சுற்றியே இருக்கும்.

இவை மரம் ஏறுவதில் அத்தனை ஆர்வம் காட்டுவதில்லை. வேலி தாண்டுவதும் குறைவு. மதில் உள்ள, பக்கத்து வீட்டார் கோழியை விரும்பாத இடங்களில் இது பெரிய வசதி. அந்தியில் வேலையும் குறைவு. ஆனால் ஆபத்து வந்தால் நாட்டுக்கோழியின் வேகம் இவற்றுக்கு இல்லை. திறந்த விளையில் விட்டால் கீரிக்கும் தெருநாய்க்கும் முதலில் சிக்குவது இவைதான்.

அடைகாக்கும் குணம் இவற்றில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய குஞ்சு வாங்க வேண்டும். ஒரு நாள் குஞ்சு மலிவு. ஆனால் முதல் வாரத்தில் 35 டிகிரி அளவுக்குச் சூடு கொடுத்து, மூன்று நான்கு வாரம் பல்பின் கீழ் காக்க வேண்டும். ஒன்றரை மாதக் குஞ்சு விலை கூடுதல். தடுப்பூசி போட்டு வந்திருந்தால் அந்தக் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுங்கள். வீட்டில் ஒரு நாட்டு அடைக்கோழி இருந்தால் வேறொரு வழியும் உண்டு. கிராமப்பிரியா சேவலும் வைத்திருப்பவரிடம் கருக்கூடிய முட்டை வாங்கி அதன் அடியில் வையுங்கள். பொரித்து வளர்த்தும் கொடுத்துவிடும்.

வீட்டில் மிஞ்சும் சோறும் காய்த்தோலும் மட்டும் போட்டு 200 முட்டை கேட்க முடியாது. தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, உடைத்த மக்காச்சோளம், கிளிஞ்சல் தூள் எல்லாம் சேர்ந்த தீவனம் வேண்டும். மரச்சீனித் (மரவள்ளித்) தோலைப் பச்சையாகப் போடாதீர்கள். அதில் நஞ்சு உண்டு. கருவாட்டுக் கழிவையும் தவிர்த்துவிடுங்கள். உப்பு மிகுந்தால் கோழி செத்துப்போகும். பச்சை மீன் கழிவை வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அளவு மீறினால் முட்டையே மீன்வாடை அடிக்கும்.

## வாத்து

காய்கறித் தோட்டம்தான் முக்கியம், கோழி இரண்டாம் பட்சம் என்பவர்களுக்கு வாத்தையே சொல்வேன். வாத்து கிளறாது. வாழை மூட்டிலும் ஜாதிக்காய்க் கன்றின் அடியிலும் அலகால் துழாவிப் புழுவையும் சிறு நத்தையையும் பொறுக்கும், வேரைத் தொடாது. இளங்கீரையை மட்டும் மேய்ந்துவிடும். அந்தப் பாத்திக்கு முழங்கால் உயர வலை கட்டினால் தாண்டாது. குளம் கட்டாயம் என்பது தவறான எண்ணம். மூக்குத் துளை வரை அலகை முக்கும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். தண்ணீர் வைக்கும் இடத்தைச் சுற்றிச் சேறாகும். பருவமழையில் அந்தச் சேறு வாசல் வரை வரும்.

அந்திக் கணக்கில் வாத்து பின்தங்கிவிடுகிறது. கோழிபோல இருட்டைக் கண்டு தானே கூடு தேடும் இயல்பு இதற்கு இல்லை. ஒரு கம்பை நீட்டிப் பிடித்து, அவசரப்படாமல், கூட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து அடைக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்களில் அறுவடைக்குப் பின் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை, சிறிய அளவில், தினமும். பழகிவிட்டால் சுலபம்தான், ஆனால் அந்தி மயங்கும் நேரத்தில் கால் வழுக்கும் சேற்றில் எழுபது வயதுக்காரர் செய்யத்தக்க வேலை அல்ல. அருகே பொதுக்குளம் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். நடுக்குளத்தில் இருக்கும் வாத்தைக் கரைக்கு அழைக்க முடியாது.

முட்டை விடியற்காலையில் வரும். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டையை விளை முழுதும் தேட நேரும். காக்கி கேம்பல் இனம் பராமரிப்புக்கு ஏற்ப 200 முதல் 250 முட்டை இடும். முட்டை 65 கிராமுக்குக் குறையாது. நோய்த் தொல்லை கோழியைவிடக் குறைவு. ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: பூஞ்சை பிடித்த புண்ணாக்கு. அந்த நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. ஜூன் தொடங்கிவிட்டால் தேங்காய்ப் புண்ணாக்கை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

## காடை

இது விளைக்கு உரியதல்ல, கூண்டுக்கு உரியது. நாகர்கோவிலில் மாடி வீடு, இரண்டு சென்ட் இடம், கணவனும் மனைவியும் இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார்கள் என்றால் காடையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதும் கூண்டுக்குள் இருப்பதால் அந்தி வேலை என்பதே இல்லை. ஏழாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டை பத்து கிராம்தான். அடைகாக்காது. பொரிப்புக்குக் கருவி வேண்டும். 17, 18 நாளில் பொரியும். குஞ்சு கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கும், குளிர் தாங்காது.

எச்சத்தின் வாடைதான் இதில் மறைந்திருக்கும் செலவு. நாள் தவறாமல் தட்டைக் கழுவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். விளையில் கோழி மேய்வதைப் பார்க்கும் மனநிறைவையும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

கருங்கோழி, வான்கோழி, கினிக்கோழி பற்றியும் கேட்கிறார்கள். கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம். வளர்ப்பு முறை நாட்டுக்கோழியைப் போன்றதே, விலைதான் கூடுதல். வான்கோழிக்குப் பத்து சென்ட் போதாது. கினிக்கோழி பாம்பையும் அந்நியரையும் கண்டால் ஊரையே எழுப்பும். நெருங்கிய வீடுகளுக்கு நடுவே அது வேண்டாம்.

## எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால்

| | நாட்டுக்கோழி | கிராமப்பிரியா | வாத்து (காக்கி கேம்பல்) | காடை |
|---|---|---|---|---|
| அந்தியில் | பழக்கினால் தானே அடையும். தாழிட ஆள் வேண்டும் | தானே அடையும். தாழிட ஆள் வேண்டும் | ஓட்டிவந்து அடைக்க வேண்டும் | வேலையில்லை |
| ஆண்டு முட்டை | 60–80 | 180–200 | 200–250 | ஏறக்குறைய 250 |
| நாளொன்றுக்குக் கைத்தீவனம் | 40 கிராம், மீதி மேய்ச்சல் | 120 கிராம் வரை | 150 கிராம் வரை | 30 கிராம் வரை |
| அடைகாக்குமா | காக்கும் | காக்காது | காக்காது | காக்காது |
| பொரிக்கும் நாள் | 21 | 21 | 28 | 17–18 |
| தோட்டத்துக்கு | கிளறும் | கிளறும் | கிளறாது, கீரை மேயும் | தொடர்பில்லை |

இப்போது தீவனக் கணக்கைப் பாருங்கள். நாட்டுக்கோழிக்கு ஆண்டுக்கு 14.6 கிலோ, 70 முட்டை என்றால் முட்டைக்கு 209 கிராம் தீவனம். கிராமப்பிரியாவுக்கு 43.8 கிலோ, 200 முட்டை என்றால் 219 கிராம். வாத்துக்கு 54.75 கிலோ, 250 முட்டைக்கு அதே 219 கிராம். காடைக்கு 11 கிலோ. 250 முட்டைக்குத் தலா 44 கிராம். ஐந்து காடை முட்டையை ஒரு கோழி முட்டைக்குச் சமம் என்று வைத்தால் 220 கிராம். மேய்ச்சல், இனம், பராமரிப்பு இவற்றுக்கு ஏற்ப முன்பின்னாகும் என்றாலும், எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. முட்டையின் எடையைப் பார்த்தால் வாத்து சற்று முந்தும். விற்கும் விலையைப் பார்த்தால் நாட்டுக்கோழி முந்தும். நாட்டுக்கோழியின் கணக்கு மேய்ச்சல் நிலம் இருந்தால் மட்டுமே பொருந்தும்; அடைத்து வளர்த்தால் நால்வரில் அதுவே அதிகச் செலவு வைப்பது. ஆகவே, "எது லாபம்" என்ற கேள்விக்கான விடை உங்கள் விளையிலும் உங்கள் மாலை நேரத்திலும்தான் இருக்கிறது.

## வீட்டில் நாயும் பூனையும் இருந்தால்

நாய் இருக்கும் வீட்டில் மரநாயின் வரவு குறையும், இது உண்மை. ஆனால் எந்த நாய் என்பதைப் பாருங்கள். கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் முயல் துரத்தப் பழகிய வேட்டை இனங்கள். ஓடும் கோழியைக் கண்டால் அவற்றின் கால் நிற்காது. குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த சாதாரண நாட்டு நாயே விளைக்குப் பொருத்தம். குஞ்சுகளை வெளியே விடும் முதல் நாட்களில் நாய்க்கு வயிறார உணவு கொடுத்துச் சங்கிலியில் கட்டி, கோழிகள் முன்னால் மேய்வதைப் பார்க்கவிடுங்கள். பாயாமல் படுத்திருந்தால் பாராட்டுங்கள். அடித்துத் திருத்த முயன்றால் நீங்கள் இல்லாதபோது பாயும். வெந்த கோழி எலும்பைப் போடாதீர்கள். உடைந்து குடலைக் குத்தும்.

பூனை வளர்ந்த கோழியைத் தொடாது, குஞ்சை விடாது. தாயோடு திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் பயம் குறைவு. தாய் பாய்ந்து கொத்தும். தாயில்லாத கிராமப்பிரியாக் குஞ்சுகளை ஒன்றரை மாதம் வரை வலைக்குள்தான் வைக்க வேண்டும். அதே நேரம், கோழித்தீவனம் இருக்கும் வீட்டுக்கு எலி வரும். எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சலும் வரும். பூனையின் பயன் இங்கேதான். இரவில் தீவனத்தை வெளியே விட்டுவைக்காதீர்கள். மழையில் கூட்டைச் சுத்தம் செய்யும்போது காலில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். நாய், பூனை இரண்டுக்கும் ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம்.

## எந்த வீட்டுக்கு எது

மாலையில் ஒருவர் உறுதியாக வீட்டில் இருப்பார், விளை எட்டு சென்ட்டுக்கு மேல், அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் நாட்டுக்கோழி. ஒரு சேவல், நான்கு பெட்டை போதும்.

மதில் இருக்கிறது, வளரும் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை வேண்டும், தீவனம் வாங்கக் கையில் பணம் இருக்கிறது என்றால் கிராமப்பிரியா. சேவல் தேவையில்லை, ஆகவே விடியலில் கூவலும் இல்லை.

தோட்டமே உயிர், தண்ணீர் வசதி உண்டு, ஓட்டி அடைக்கத் தெம்புள்ளவர் இருக்கிறார் என்றால் வாத்து. மாலையில் யாரும் இல்லாத வீட்டுக்குக் காடை. அதற்கும் தினமும் கழுவ மனமில்லையென்றால் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாயில்லாத உயிரை அரைமனத்தோடு வளர்க்கக் கூடாது.

முதியவர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நாட்டுக்கோழியோ கிராமப்பிரியாவோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூட்டைச் சமையலறை வாசலுக்கு அருகிலேயே, இடுப்புயரக் கால்களில் நிறுத்துங்கள். குனியாமல் தாழிடலாம், எச்சம் கீழே விழும், ஈரம் ஏறாது. அந்த எச்சத்தை மக்கவைத்த பிறகே வாழைக்குப் போடுங்கள்; பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கூட்டைத் தென்னைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்து மரங்களைச் சாய்த்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்; கூரையைக் கம்பியால் இறுகக் கட்டுவது பத்து நிமிட வேலை.

## எப்போது தொடங்குவது

நாட்டுக்கோழி என்றால் நவம்பர் கடைசியில் அடை வையுங்கள். டிசம்பர் நடுவில் பொரிக்கும். பெருமழை அதற்குள் அடங்கியிருக்கும். வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் அடுத்த சொட்டும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பெறலாம். ஒரு குப்பியில் நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்கான மருந்து இருக்கும், கலக்கிய பின் ஓரிரு மணி நேரமே தாங்கும். எனவே நான்கைந்து வீட்டார் ஒரே வாரத்தில் அடை வைத்தால் யாருக்கும் வீணாகாது. எட்டு வாரம் நிறையும்போது பிப்ரவரி பிறந்திருக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் அந்த மாதத்தில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இறக்கைத் தோலுக்கடியில் போடும் ஊசியை இலவசமாகப் போட்டுவிடலாம். முகாம் உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருகிறது என்பதை ஜனவரியிலேயே விசாரித்து வையுங்கள். அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள்.